பனியில் குதிரை, பரணில் பூனை

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குளிர்நாட்டுப் பண்ணையில் நிற்கும் குதிரையைப் படத்தில் பார்த்தால்கூட, அதன் முதுகில் ஒரு கம்பளியைப் போர்த்திவிட வேண்டும் என்று நமக்குத் தோன்றும். நாம் நடுங்குவோம், ஆகவே அதுவும் நடுங்கும் என்று எண்ணுகிறோம். அந்த எண்ணத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். குதிரை உணரும் குளிர் ஒன்று, அதே கூரையின் கீழ் வாழும் பூனை உணரும் குளிர் வேறொன்று. இரண்டையும் நம் தோலைக் கொண்டு அளந்தால், ஒன்றுக்குத் தேவையில்லாததைச் செய்வோம், மற்றொன்றுக்குத் தேவையானதைச் செய்யாமல் விடுவோம்.

நான் பேசப்போகும் இடம் அமெரிக்காவின் வடகிழக்கில், கனடா எல்லையை ஒட்டியுள்ள வெர்மான்ட் மாநிலம். அங்கே என் தோழி ஒருத்தியின் சிறு பண்ணையில் சில குளிர்காலங்கள் தங்கி, அவளோடு சேர்ந்து வேலை செய்திருக்கிறேன். சில குதிரைகள், மரத்தாலான ஒரு பழைய கொட்டில், அதன் பரணில் உலர்புல் கட்டுகள், அந்தக் கட்டுகளுக்கிடையே பூனைகள். அங்குள்ள பல சிறு பண்ணைகளைப் போலவே அதுவும் லாபத்துக்கு நடப்பதன்று. தோழியும் அவள் கணவரும் வெளியே வேலைக்குப் போகிறார்கள். விடியும் முன்பும் இருட்டிய பின்பும் கொட்டில் வேலை. டிசம்பரில் அங்கே மாலை நாலேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும் என்பதால், வாரநாட்களில் தம் குதிரைகளை அவர்கள் பகல் வெளிச்சத்தில் பார்ப்பதே அரிது.

குளிர் எவ்வளவு என்று கேட்பீர்கள். 1933 டிசம்பர் 30 அன்று வெர்மான்ட்டின் புளூம்ஃபீல்டு என்ற ஊரில் மைனஸ் 46 டிகிரி செல்சியஸ் பதிவானது. அது அந்த மாநிலத்தின் உச்சக் குளிர். ஆண்டுதோறும் அப்படி வருவதில்லை. ஆனால் மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே போகும் இரவுகள் அங்கே வழக்கமானவை.

அந்த இரவுகளில் குதிரை என்ன செய்கிறது? பெரும்பாலும் வெளியே நிற்கிறது. லாயத்தின் கதவைத் திறந்து வைத்தாலும் அது பனியில் போய் நிற்பதைப் பார்த்து முதலில் எனக்குப் பதற்றமாக இருந்தது. தோழி என்னைக் குதிரையின் அருகே அழைத்துப்போய் அதன் முதுகைக் காட்டினாள். இரண்டு விரல் உயரத்துக்குப் பனி படிந்திருந்தது, உருகவில்லை. “உருகாமல் இருக்கிறதே, அதுதான் நல்ல செய்தி” என்றாள். உடம்பின் சூடு ரோமத்தைத் தாண்டி வெளியே கசிந்தால்தான் மேலே உள்ள பனி உருகும். உருகாத பனி, சூடு உள்ளேயே நிற்கிறது என்பதற்குச் சாட்சி.

அந்த ரோமம் குளிரைக் கண்டு வளர்வதில்லை. வெளிச்சத்தைக் கண்டு வளர்கிறது. ஜூன் மாதக் கடைசியில் பகல் குறையத் தொடங்கியதுமே குதிரையின் மூளையில் மெலடோனின் என்னும் ஹார்மோன் சுரக்கும் நேரம் நீள்கிறது, குளிர்கால ரோமத்துக்கான ஏற்பாடு அப்போதே ஆரம்பமாகிவிடுகிறது. வெளியே நல்ல கோடை. குதிரையின் உடலோ அடுத்த ஜனவரிக்குத் தயாராகிறது. குளிர் அதிகமாகும்போது ஒவ்வொரு மயிரும் நிமிர்ந்து நின்று நடுவே காற்றைப் பிடித்து வைக்கிறது. அந்தக் காற்றுதான் அதன் உண்மையான போர்வை. இப்படிப் பழகிய, உடல்நலமுள்ள வளர்ந்த குதிரை ஏறத்தாழ மைனஸ் 8 டிகிரி வரை கூடுதல் உணவு எதுவும் இல்லாமலே தன் உடற்சூட்டைக் காத்துக்கொள்ளும். அதற்கும் கீழே போனால் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 2 சதவீதம் அதிகத் தீனி வேண்டும். அதே குதிரை மழையில் நனைந்துவிட்டாலோ கதை மாறிவிடும். நிமிர்ந்த மயிர் படிந்துவிடும், காற்று வெளியேறிவிடும், 5 டிகிரியிலேயே நடுங்கத் தொடங்கும். மைனஸ் 15 டிகிரியில் பொழியும் உலர்பனியைவிட, நவம்பரில் காற்றோடு பெய்யும் குளிர்மழைதான் குதிரைக்குக் கொடியது. குதிரைக்காரர்கள் வானிலை அறிக்கையில் முதலில் பார்ப்பது மழையையும் காற்றையும். வெப்பநிலையைப் பிறகுதான் பார்க்கிறார்கள்.

ஆகவே கம்பளி வேண்டவே வேண்டாமா? அப்படிச் சொல்லமாட்டேன். கிழட்டுக் குதிரை, மெலிந்த குதிரை, சவாரிக்காக மயிர் மழித்த குதிரை, தெற்கே சூடான ஊரிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்த குதிரை ஆகியவற்றுக்குப் போர்வை வேண்டும். மற்றவற்றுக்குப் போர்த்தினால் நிமிர்ந்து நிற்க வேண்டிய மயிரை நாமே அமுக்கிவிடுகிறோம். இன்னொரு தொல்லையும் உண்டு: போர்வைக்குள் குதிரை மெலிவது கண்ணுக்குத் தெரியாது. அடர்ந்த ரோமத்துக்குள்ளும் தெரியாது. கையால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் டான் ஹென்னெக் 1983இல் ஓர் அளவுகோலை வகுத்துக் கொடுத்தார். கழுத்து, தோளின் பின்புறம், விலா, முதுகு, வாலடி ஆகிய இடங்களைக் கண்ணால் பார்த்தும் கையால் தொட்டும் 1 முதல் 9 வரை மதிப்பெண் போடும் முறை அது. வாரம் ஒருமுறை கையுறையைக் கழற்றிவிட்டு, விரல்களை ரோமத்துக்குள் விட்டு விலா எலும்பைத் தேடுவது எங்கள் வழக்கமாக இருந்தது. கையுறையைக் கழற்றும்போது விரல் மரத்துப்போகும். ஆனாலும் இந்த வேலையை வேறு எதுவும் செய்து கொடுக்காது.

குதிரைக்குக் குளிர்காலத்தில் தானியம் அதிகம் போட்டால் உடம்பு சூடாகும் என்றொரு நம்பிக்கை அங்கேயும் உண்டு. நம் ஊரில் கொள்ளு கொடுத்தால் சூடு என்று சொல்வதில்லையா? குதிரையின் சூடு தானியத்தைவிடப் புல்லில்தான் அதிகம் பிறக்கிறது. அதன் இரைப்பை உடம்பின் அளவுக்கு மிகச் சிறியது. உண்மையான சமையல் பின்குடலில் நடக்கிறது. அங்கே கோடானுகோடி நுண்ணுயிர்கள் நார்ச்சத்தை நொதிக்க வைக்கின்றன; நொதிக்கும்போது வெப்பம் வெளிவருகிறது. மார்கழிக் காலையில் எருக்குழியைக் கிளறினால் ஆவி பறக்குமே, அதே வேதியியல்தான் குதிரையின் வயிற்றுக்குள் இரவெல்லாம் நடக்கிறது. அதனால் கடும் குளிர் வரும் மாலையில் அனுபவசாலிகள் ஓட்ஸ் பக்கெட்டைத் தொடமாட்டார்கள்; பரணிலிருந்து இன்னொரு பாகம் உலர்புல்லைத் தள்ளிவிடுவார்கள்.

அந்தப் புல் எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். 450 கிலோ எடையுள்ள குதிரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிலோ உலர்புல் தின்னும். அக்டோபர் முடிவிலிருந்து மே நடுப்பகுதி வரை அங்கே மேய்ச்சல் கிடையாது. அதாவது ஏறத்தாழ 200 நாள். ஒரு குதிரைக்கு 2 டன். 20 கிலோ கட்டுகளாகக் கணக்கிட்டால் 100 கட்டு. குளிர்காலத்தின் விதி ஜூன் மாதத்து மூன்று நல்ல வெயில் நாட்களில் தீர்மானமாகிறது. அந்த மூன்று நாளில் அறுத்து, பரப்பி, புரட்டி, உலர்த்தி, கட்டி, மழை வருமுன் பரணில் ஏற்ற வேண்டும். ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை பிடிக்கும், அதன் தூசி குதிரையின் நுரையீரலைக் கெடுக்கும். அதைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது. ஈரக் கட்டு உள்ளேயே நொதித்துச் சூடேறி, சில வாரங்களில் தானாகவே தீப்பிடித்துக் கொட்டிலையே எரித்துவிடும். அதனால் ஏற்றிய பின்பும் கட்டுகளுக்குள் நீண்ட வெப்பமானியைச் செருகிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். குளிர்காலப் பண்ணையில் மனிதன் செய்யும் வேலையில் பெரும்பங்கு தண்ணீரைத் தண்ணீராகவே வைத்திருப்பதுதான்.

பச்சைப் புல்லில் பெரும்பகுதி நீர். மேயும் குதிரை தின்னும்போதே குடித்துவிடுகிறது. உலர்புல்லில் அந்த நீர் இல்லை. எனவே குளிர்காலத்தில் அது நாளொன்றுக்கு 25 முதல் 40 லிட்டர் வரை வாளியிலிருந்துதான் குடித்தாக வேண்டும். வாளியோ ஓர் இரவில் அடிவரை உறைந்துவிடுகிறது. மேலே ஏடு கட்டியிருந்தால் சுத்தியலால் உடைக்கலாம், ஆனால் உடைத்த பின் கிடைப்பது பல்லைக் கூச வைக்கும் நீர். குதிரை இரண்டு வாய் குடித்துவிட்டுத் தலையைத் தூக்கிக்கொள்ளும். உறையும் நிலையில் உள்ள நீரைவிடச் சூடாக்கிய நீரைக் குளிர்காலத்தில் குதிரைகள் அதிகம் குடிக்கின்றன என்று பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. பனிதான் சுற்றிலும் கிடக்கிறதே, நக்கிக்கொள்ளாதா என்று புதியவர்கள் கேட்பார்கள். பத்து அங்குலப் பனி உருகினால் ஏறத்தாழ ஓர் அங்குலத் தண்ணீர். அதைத் தின்று தாகம் தீர்ப்பதற்குள் உடம்பின் சூடு வீணாகிவிடும்.

போதிய நீர் குடிக்காத குதிரைக்கு வருவது குடலடைப்பு. பெருங்குடல் குறுகித் திரும்பும் இடத்தில் காய்ந்த நார் அடைத்துக்கொள்கிறது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது அந்த ஒரே வழியில்தான் வெளியேற வேண்டும். வயிற்று வலி வந்த குதிரை விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், தரையை முன்னங்காலால் பறிக்கும், படுத்துப் புரளும். பனிப்புயல் இரவில், சாலை அடைபட்டு, கால்நடை மருத்துவர் வந்துசேர முடியாத நேரத்தில் இது நேர்ந்தால் என்னாகும் என்று நினைத்துப் பாருங்கள். அங்கே குளிர்காலத்தில் குதிரை சாவதென்றால் உறைந்து சாவது அரிது. குடலடைப்புக்குப் பலியாவதுதான் நடக்கிறது.

அதனால் மின்சூடு உள்ள வாளிகள், தொட்டிகள் வைக்கிறார்கள். தினமும் தீனியோடு உப்பு கொடுக்கிறார்கள், தாகம் எடுக்கட்டும் என்று. கிழட்டுக் குதிரைகளுக்குப் பீட் கிழங்குச் சக்கையை வெந்நீரில் ஊறவைத்துக் கொடுக்கிறார்கள். மின்சூடு வைத்த தொட்டியிலும் ஒரு கவனம் வேண்டும். கம்பி பழுதானால் நீரில் மிக மெல்லிய மின்னோட்டம் கசியும். நமக்கு அது தெரியாமலே போகலாம். குதிரைக்கு மூக்கில் ஒருமுறை சுரீரென்றால் போதும், அந்தத் தொட்டியை அது தொடாது. தொட்டி நிறைந்திருப்பதைப் பார்த்து நாம் நிம்மதியாகப் போய்விடுவோம். ஆகவே தொட்டி நிறைந்திருந்தால் மட்டும் போதாது, நேற்றைவிட நீர் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாண உருண்டைகளையும் எண்ண வேண்டும், உடைத்துப் பார்க்க வேண்டும். சாணம் சிறுத்துக் காய்ந்திருந்தால் அது முதல் எச்சரிக்கை. குதிரை வளர்க்கும் என் தோழியும் அவள் கணவரும் இரவு உணவு மேசையில் சாணத்தைப் பற்றிக் கவலையோடு பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். அந்தக் கவலையில் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

கால்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முழங்காலுக்குக் கீழே குதிரைக்குத் தசை கிடையாது என்றே சொல்லலாம், எலும்பும் தசைநாணும்தான். அதனால் பனியில் நின்றாலும் காலுக்குச் சேதமில்லை. ஆனால் லாடத்துக்குள் பனி உருண்டு இறுகிக் குளம்பின் அடியில் கட்டியாகிவிடும், குதிரை தள்ளாடும். பலர் குளிர்காலத்துக்கு லாடத்தையே கழற்றிவிடுகிறார்கள். பனி உருகி மறுபடி உறைந்த வழுக்குத்தரைதான் உண்மையான பகை. அதன்மேல் அடுப்புச் சாம்பலையோ மணலையோ தூவுவார்கள். கடிவாளத்தின் இரும்பைக் கையில் பொத்திச் சூடாக்கிய பிறகே வாயில் வைப்பார்கள்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. குளிருக்குப் பயந்து கொட்டிலின் ஜன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டால், மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும் புல்தூசியும் ஈரமும் உள்ளேயே சுழலும். காலையில் கதவைத் திறந்ததும் மூக்கு எரிந்தாலோ, கூரையின் உட்புறத்தில் நீர்த்துளி தொங்கினாலோ அங்கே காற்று போதாது. கொட்டிலைச் சூடாக்கவும் கூடாது. சூட்டுவிளக்கும் இழுத்துவந்த மின்கம்பியும் உலர்ந்த புல்லும் தூசியும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதைக் குளிர்காலக் கொட்டில் தீவிபத்துகள் காட்டியிருக்கின்றன. குதிரைக்கு வேண்டியது காற்றைத் தடுக்கும் மூன்று சுவரும் ஒரு கூரையும்.

அந்தச் சுவரும் கூரையும் கட்டாயம் வேண்டும் என்பதற்கு ஒரு குதிரையின் கதையே சாட்சி. வெர்மான்ட்டுக்காரர்கள் பெருமையாகச் சொல்லும் மார்கன் குதிரை இனம் முழுவதும் 1789இல் பிறந்த ‘ஃபிகர்’ என்ற ஒரே பொலிகுதிரையிலிருந்து வந்தது. ஜஸ்டின் மார்கன் என்ற ஆசிரியர் அதை வெர்மான்ட்டுக்குக் கொண்டுவந்தார். 1961இல் மார்கன் குதிரையை அந்த மாநிலம் தன் விலங்காக அறிவித்தது. மரம் இழுத்து, உழுது, சவாரிக்கும் பந்தயத்துக்கும் ஓடிய ஃபிகர் 1821இல் இறந்தது. மார்கன் குதிரைகளைப் பற்றி 1857இல் நூல் எழுதிய டி. சி. லின்ஸ்லி அதன் முடிவைப் பதிவு செய்திருக்கிறார். இன்னொரு குதிரை உதைத்ததால் பட்ட காயம்; கவனிப்பாரில்லை; காப்பில்லாத வெளியில் குளிர்காலம். முப்பது வயது தாண்டிய, அடிபட்ட குதிரையிடம் ‘இது குளிரைத் தாங்கும் இனம்’ என்று சொல்வது கொடுமை. தாங்கும் என்பது நலமுள்ள உடலுக்கு மட்டுமே பொருந்தும்.

அந்தக் காலத்தில் குதிரைக்குக் குளிர்காலம் ஓய்வுக்காலம் அல்ல. சாலையில் பனியை இன்று போல் ஒதுக்கித் தள்ளமாட்டார்கள்; குதிரைகள் இழுக்கும் பெரிய மர உருளையால் அழுத்திக் கெட்டிப்படுத்துவார்கள், சறுக்குவண்டி ஓடுவதற்காக. கூரை வேய்ந்த மரப்பாலங்களுக்குள் பனி விழாது என்பதால், ஆள் வைத்து உள்ளே பனியை வாரிக் கொட்டுவார்கள். மார்ச் மாதத்தில் மேப்பிள் மரத்துச் சாற்றைச் சேகரிக்கும் தொட்டியையும் குதிரைதான் இழுக்கும். ஏறத்தாழ 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு.

தெற்கே, பக்கத்து மாநிலமான மாசசூசெட்ஸில் இன்னொரு வேலை நடந்தது; அது சென்னை வரை நீண்டது. உறைந்த குளங்களில் பனிக்கட்டியை வெட்ட, குதிரை இழுக்கும் கலப்பை ஒன்றை நத்தானியல் வைத் 1825 வாக்கில் வடிவமைத்தார். அதனால் பனிக்கட்டி மலிந்தது, பிரெடெரிக் டியூடர் அதைக் கப்பலேற்றி உலகெங்கும் விற்றார். 1833இல் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்கு ஏறத்தாழ 180 டன் கிளம்பியது. நான்கு மாதக் கடற்பயணத்துக்குப் பின் 100 டன் கரையாமல் வந்து சேர்ந்தது. சென்னைக் கடற்கரையில் டியூடர் கட்டிய கிடங்குதான் நம் ஐஸ் ஹவுஸ். 1897இல் சுவாமி விவேகானந்தர் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம். அந்தப் பக்கம் போகும்போது, முள் பதித்த லாடம் அணிந்து உறைந்த குளத்தின்மேல் அடிவைத்த குதிரைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். பனித்தளம் உடைந்து நீரில் விழுந்த குதிரைகளும் உண்டு.

இனி பூனை.

குதிரை புல்வெளிக் குளிரில் உருவான விலங்கு. பூனையின் மூதாதையோ வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வறண்ட நிலத்தில் வாழ்ந்த காட்டுப்பூனை. மனிதன் தானியம் சேர்த்தான், எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் 9,500 ஆண்டுப் பழைய கல்லறை ஒன்றில் மனிதனுக்கு அருகே பூனையும் புதைக்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தப் பாலைநிலத்து உடல் இன்னும் மாறவில்லை. கூடுதல் முயற்சியின்றிப் பூனை உடற்சூட்டைக் காத்துக்கொள்ள 30 முதல் 38 டிகிரி வரை வேண்டும். குதிரை நிம்மதியாகப் புல் மெல்லும் இரவில் பூனை ஒவ்வொரு நிமிடமும் உணவை எரித்துச் சூட்டைச் சம்பாதிக்கிறது.

‘பூனைக்கு ஒன்பது உயிர், அது தானே பார்த்துக்கொள்ளும்’ என்ற பேச்சு அங்கேயும் கேட்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. காது நுனி கருகி உதிர்ந்த கொட்டில் பூனைகளைப் பார்த்திருக்கிறேன், பனிக்கடி. குதிரைக்குப் போர்வை வாங்கிச் செலவழிப்பவர்கள் பூனைக்கு ஒரு பெட்டி வைக்காமல் விடுவது எனக்குப் புரிவதில்லை. செலவும் கிடையாது. காற்றுப் படாத மூலையில் சின்ன வாசல் வைத்த ஒரு பெட்டி, உள்ளே கோதுமை வைக்கோல் போதும். பழைய துணியோ கம்பளியோ போடக் கூடாது. அவை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பூனையின் சூட்டையும் உறிஞ்சும். வைக்கோல் ஈரத்தைத் தங்கவிடாது, பூனை அதற்குள் குடைந்துகொள்ளும். பெட்டி பெரிதாக இருந்தால் உடற்சூட்டால் அதை நிரப்ப முடியாது. இரண்டு பூனை நெருக்கிப் படுக்கும் அளவே சரி.

தீனி கோடையைவிட அதிகம் வேண்டும். பசியோடு இருந்தால்தான் எலி பிடிக்கும் என்பது தவறு. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும்; வலுவும் இருக்கும், கொட்டிலை விட்டும் போகாது. பூனைக்கும் உறையாத நீர் வேண்டும். இன்னும் இரண்டு ஆபத்துகள் நம் ஊரில் நினைத்தே பார்க்காதவை. அப்போதுதான் நிறுத்திய காரின் எஞ்சின் சூட்டுக்காகப் பூனை உள்ளே ஏறிப் படுத்துவிடும். அதனால் காலையில் வண்டியைக் கிளப்புமுன் மேல்மூடியை ஓங்கித் தட்டுவார்கள். மற்றொன்று, ரேடியேட்டர் உறையாமல் இருக்க ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் கலந்த திரவம். ஒரு தேக்கரண்டி உள்ளே போனால் பூனையின் சிறுநீரகம் பாழாகி உயிரே போய்விடும். கொட்டில் தரையில் சிந்தினால் உடனே துடைத்தாக வேண்டும்.

குதிரைக்கும் பூனைக்கும் நடுவே உள்ள உறவைப் பற்றி மிகைப்படுத்தாமல் சொல்கிறேன். பரணில் இடம் இருந்தும் சில பூனைகள் லாயத்தில் படுத்திருக்கும் குதிரையின் முதுகில் ஏறிச் சுருண்டுகொள்ளும். பூனை நாடுவது சூட்டைத்தான். ஆனால் குதிரை ஏன் அசையாமல் இருக்கிறது? அது பயந்த சுபாவமுள்ள, தனிமையைத் தாங்காத பிராணி. இன்னோர் உயிர் அமைதியாகப் பக்கத்தில் தூங்குவது அதற்கும் ஆறுதல் என்றுதான் நான் நம்புகிறேன். பந்தயக் குதிரைகளின் மூதாதைகளில் ஒன்றான கோடால்ஃபின் அரேபியன் 1753இல் இங்கிலாந்தில் இறந்தது. அதன் ஓவியத்தில் கூடவே ஒரு பூனையும் இருக்கிறது.

ஜனவரி பிறந்ததும் ஒன்று நடக்கும். குளிரின் உச்சம் அப்போதுதான். ஆனாலும் தேய்ப்பானில் குதிரையின் மயிர் ஒன்றிரண்டாக வரத் தொடங்கும். டிசம்பர் 22க்குப் பின் பகல் சில நிமிடங்கள் நீண்டதை அது அறிந்துகொண்டுவிட்டது. பூனையும் அதே கணக்கில்தான் இயங்குகிறது. பகல் நீள நீளப் பெண்பூனை பருவத்துக்கு வரும், சினையானால் 63 முதல் 65 நாளில் குட்டி போடும். அதனால் கருத்தடை அறுவையை அதற்குள் முடித்துவிட வேண்டும், அப்போதே ரேபிஸ் தடுப்பூசியும் போட்டுவிடலாம். அமெரிக்காவில் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி பறவைகளைக் கொல்கின்றன என்று 2013இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. கொட்டிலுக்கு வேண்டிய இரண்டு மூன்று பூனைகளை நன்றாக வைத்துக்கொள்வதும், அவை பெருகாமல் பார்த்துக்கொள்வதும் ஒரே பொறுப்பு. இரண்டையும் செய்யத் தயாராக இல்லாதவர் பூனை வளர்க்கக் கூடாது என்பது என் கருத்து.

பிப்ரவரி 2 அன்று, வெர்மான்ட் உள்ளிட்ட நியூ இங்கிலாந்துப் பண்ணைகளில் ஒரு பழைய கணக்கு உண்டு. அன்றைக்குப் பரணில் பாதிப் புல் மிச்சம் இருக்க வேண்டும். நாட்காட்டியில் குளிர்காலம் ஏறத்தாழப் பாதி போயிருக்கும், தீனிக்காலத்திலும் இன்னும் பாதி பாக்கி. பனி உருகிய பிறகு வரும் சேற்றுக்காலத்திலும் மேய்ச்சல் கிடையாது. ஈரத் தரையில் குதிரையை விட்டால் புல்லை வேரோடு மிதித்துவிடும். தோழியும் நானும் ஏணியில் ஏறிக் கட்டுகளை எண்ணுவோம். பூனைகள் எங்களைச் சட்டைசெய்யாமல் மேல்வரிசையில் படுத்திருக்கும். எண்ணிக்கை குறைந்தால் அன்று மாலையே பக்கத்துப் பண்ணைக்காரருக்குத் தொலைபேசி போகும். மார்ச் மாதத்தில் கேட்டால் அவரிடமும் இருக்காது.